பின்சீட்டு ஜன்னல்

எனக்கு அழுக்கு ஆகாது, ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரியும். தீயணைப்பு வண்டி என்றால் சேறும் கரியுமாகத்தான் கிடக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் நிலையத்து வண்டியைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காலையில் ஷெட் கதவைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை வண்டியைத் துடைப்பது. அப்புறம்தான் டீ. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டீர்கள் என்று எங்கள் ஆபீசர் கேலி செய்வார். அது பொய். என் மகளையும் நான்தான் குளிப்பாட்டி, தலைவாரி வளர்த்தேன். அவளுடைய அம்மா அவளைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த மகளை என் வண்டியிலேயே வேலை பார்த்தவருக்குத்தான் கட்டிக் கொடுத்தேன். நானே பார்த்து முடித்த இடம். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் என்னோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏணி ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

எங்கள் வண்டியில் யார் எங்கே உட்கார்வது என்பது மாறவே மாறாது. ஒவ்வொருவருடைய மாஸ்க்கும் காற்று சிலிண்டரும் அவரவர் சீட்டின் முதுகில்தான் மாட்டியிருக்கும். மணி அடித்தால் தூக்கக் கலக்கத்திலும் கால் தானாக அங்கே போகும். முன்னால் ஸ்டீயரிங்கில் நானும், பக்கத்தில் ஆபீசரும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இன்னொரு அறை. அதில் ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய் பிடிப்பவர், அவரைத் தாடி என்று கூப்பிடுவோம். மறுபக்கம் மாப்பிள்ளை. அவர் சீட்டுக்கு நேர் கீழேதான் சைலன்சர் குழாய் இணைகிற இடம்.

"மாமா, பின்னாடி சைலன்சர் புகை வாடை அடிக்குது. ஒரு தடவை அடியில பாருங்களேன்" என்றார் ஒரு நாள், எல்லோரையும் வைத்துக்கொண்டு.

நான் கோபப்படவில்லை. "தீயணைக்கிற வண்டியில புகை வாடை அடிக்காம, மல்லிப்பூ வாசமா அடிக்கும், மாப்ளே?" என்றேன். தாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு மூக்கு என்று பெயர் வந்துவிட்டது. நான் வைத்த பெயரில்லை. நான் தடுக்கவும் இல்லை.

அன்று வீட்டில் மகள் சாப்பாடு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவருக்கு தினமும் தலைவலிப்பா. குனிஞ்சு ஒரு தடவை பாத்தாத்தான் என்னவாம்?" என் வீட்டில், என் வண்டியைப் பற்றி, என் மகள். என்னவாம் என்கிறாள். நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவினேன்.

அப்புறம் வண்டி செய்த கம்பெனிக்காரனே அறிவித்துவிட்டான். நிலையத்து டிவியில் எல்லோரும் பார்த்தோம். அந்த வகை வண்டிகளில் சைலன்சர் குழாயின் இணைப்பில் விரிசல் விடுகிறதாம், புகை பின்னறைக்குள் ஏறுகிறதாம், எல்லா வண்டிகளையும் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தால் புதிதாக மாற்றித் தருவார்களாம். தாடி கைதட்டி, "மூக்கு ஜெயிச்சிருச்சுப்பா" என்றார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார், அவ்வளவுதான். மரியாதையான சிரிப்புதான். செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் வண்டியைக் கொண்டு போனேன். ஒர்க்‌ஷாப் வாசல்வரை போனேன், அது உண்மை. வெளியே இதே மாதிரி வண்டிகள் வரிசையில் நின்றன, சேறும் சகதியுமாக, கண்ணாடியைக்கூடத் துடைக்காமல். அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்தி, அடியில் படுத்து நானே பார்த்தேன். விரிசல் இருந்தது. சூடு தாங்குகிற துணியை இறுகச் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு முறுக்கினேன். "முடிஞ்சுதா?" என்று ஆபீசர் கேட்டார். "முடிஞ்சுது" என்றேன். கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தபோதும் நான்தான் எடுத்தேன். அதே பதில்தான்.

கொஞ்ச நாள் வாடையே இல்லை. "இப்ப சுத்தமா வாடை இல்ல மாமா, நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் பாராட்டியது என் கைவேலையை. அதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது?

பிறகு ஒரு நாள் துடைக்கும்போது பார்த்தேன், அவர் சீட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. துடைத்தேன். மறுநாளும் இருந்தது. மறுநாளும் துடைத்தேன். எனக்குத்தான் அழுக்கு ஆகாதே. மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். போனால் முதல் தடவை போகவில்லை என்பது வெளியே வரும். மாப்பிள்ளை மறுபடியும் ஒரு முறை அப்படிச் சிரிப்பார்.

அவருக்குத் தலைவலி திரும்ப வந்தது, மறுபடியும் வாடை என்றார். மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னேன்: "கம்பெனியே மாத்திக் குடுத்தப்புறமும் வாடைங்கிறார்னா, வாடை வண்டியில இல்லம்மா. இந்த வேலையில சில பேருக்கு உள்ளுக்குள்ள பயம் பிடிச்சிரும். வெளிய சொல்ல வெக்கப்பட்டு தலைவலிம்பாங்க. நீ ஒண்ணும் கேட்டுக்காத." கேட்காதே என்றால் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும், வளர்த்தவன் அல்லவா. அன்றைக்கே அவர்கள் அறையில் சத்தம் கேட்டது. பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை வாடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வண்டியில் ஏறியதும் தன் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

அந்தக் குடோன் தீ உங்களுக்குத் தெரியும். வெகுதூரம், வழி நெடுக மழை. ஜன்னல்கள் மூடியிருந்தன. போய்ச் சேர்ந்ததும் தாடி இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். மாப்பிள்ளை தடுமாறிக்கொண்டேதான் ஏணிக்குப் போனார். "முடியலன்னா நில்லுய்யா" என்று ஆபீசர் கத்தினார். அவர் நிற்கவில்லை. நின்றால் என்ன பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும். உச்சிக்குப் போனவர், மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைப்பதற்குள் கை நழுவி விழுந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை.

ரத்தத்தில் புகை ஏறியிருந்தது என்றார் டாக்டர். தீக்குள் போனவன் ரத்தத்தில் புகை இருக்காதா என்று விட்டுவிட்டார்கள். மாஸ்க் போடாமல் ஏறியது அவர் தப்பு என்று முடிவானது. கொஞ்ச நாளாகவே அவருக்குப் பயம் இருந்தது என்று விசாரணையில் நானும் சொன்னேன். ஏணி வேலை தன் கைக்கு வந்ததால் தாடி அந்த சீட்டுக்கு மாறி, அவரும் மயங்கி விழுந்திருக்காவிட்டால், கம்பெனிக்காரன் வந்து அடியில் பார்த்திருக்கவும் மாட்டான், நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கவும் மாட்டீர்கள்.

அவ்வளவு வாடை என்றால் மழையானாலும் ஜன்னலைத் திறந்திருப்பாரே என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. திறந்தார். ஏறியதும் திறந்தார். சாரல் சீட்டில் அடித்தது. டிரைவர் கைப்பக்கம் ஒரு பொத்தான் உண்டு, பின்ஜன்னல்களை அங்கிருந்தே ஏற்றிப் பூட்டலாம். ஏற்றிப் பூட்டினேன். சீட் நனையக் கூடாது, ஐயா, பூஞ்சை பிடித்துவிடும். மாப்பிள்ளை தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். தடுப்பைத் தட்டினார். சைரன் சத்தத்தில் ஆபீசருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எனக்கு மேலே பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்து, ஜன்னலைக் கையால் காட்டினார். அடியில் புகை ஏறுகிறது என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் கரியைத் துடைத்திருந்தேன். நான் சாலையைப் பார்த்தேன். வண்டி ஓட்டுபவன் சாலையைத்தானே பார்க்க வேண்டும்.

எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "நான்தானேப்பா அவரை பயந்தாங்கொள்ளின்னேன், அதனாலதானே ஏறினாரு" என்று தினமும் அழுகிறாள். நான்தான் தலையைத் தடவித் தேற்றுகிறேன். முன்பு மாதிரியே என் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு போடுகிறாள். அந்த வாடை நிஜமாகவே இருந்தது என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. பாவம், தாங்க மாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?