சாணி உப்பு

நல்ல உச்சி வேளை. வேதாரணியம் சதுப்புக்குக் குறுக்கே போகிற மண்பாதை. ஒரு காக்கை கூட இல்லை. இருட்டில்தான் பேய் வரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது நம்ம கோதண்டத்தின் பெரியப்பா தாண்டவராயனுக்கு நடந்தது.

அவர் உப்பு இலாகாவில் சேவகர். அந்தச் சதுப்பில் வெயில் ஏற ஏற உப்பு தானாகவே பூக்கும். ஆனால் அள்ளினால் குற்றம். வெள்ளைக்காரன் வடக்கே எங்கேயோ சண்டை போட்டுக் கஜானாவைத் துடைத்துவிட்டான். நிரப்புவதற்கு ஏழையின் கஞ்சிதான் அகப்பட்டது. தூ! வரி போட்ட உப்பு விற்க வேண்டுமானால், சும்மா கிடைக்கிற உப்பு இருக்கக்கூடாது இல்லையா? அதனால் சேவகர்கள் தினமும் சாணியைக் கரைத்துப் பூத்த உப்பின் மேல் ஊற்றுவார்கள். அதற்குத்தான் சம்பளம்.

தாண்டவராயனுக்கு நாக்கு படு கூர்மை. கஞ்சியை விரலால் தொட்டு நக்கினால் போதும், சர்க்கார் உப்பா, சதுப்பு உப்பா என்று சொல்லிவிடுவார். அதில் பெருமை வேறு. அப்போது மகள் செண்பகம் தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். இந்த உத்தியோகம் போனால் பிரசவம் பார்க்கக்கூட வழியில்லை.

ஒரு நாள் உச்சி வேளையில் அந்தப் பாதையில் ஒருத்தி அகப்பட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் கஞ்சிக் கலயம். தொட்டு நக்கினார். சதுப்பு உப்பு.

"ஒரு சிட்டிகைதாங்க சாமி... உப்பில்லாம புள்ள வாய தொறக்க மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் மாதவராவ் குதிரையை விட்டு இறங்கவேயில்லை. "யோவ் தாண்டவம், என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? கொட்டு! இன்னிக்கு இவள விட்டா நாளைக்கு ஊரே வந்து அள்ளும். அப்புறம் உன் வேலை உனக்கில்ல, பாத்துக்க."

கொட்டினார். கலயத்துக்குள்ளேயே. பச்சைச் சாணி... விரலை விட்டுக் கலக்கியும் விட்டார். அவள் கலயத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பஞ்ச காலம், வேறு கஞ்சிக்கு எங்கே போவாள்? அதையே வழித்து ஊட்டினாள். தானும் தின்றாள். சீ!

வாந்திபேதி. தாயும் பிள்ளையும் சதுப்பிலேயே செத்துக் கிடந்தார்கள்.

அப்புறம் ஒரு நாள். அதே உச்சி வேளை, அதே பாதை. தாண்டவராயன் தனியே வந்துகொண்டிருந்தார். சரக்... சரக்... கிளிஞ்சலால் தரையைச் சுரண்டுகிற சத்தம். ஒரு மாடு கூட இல்லாத இடத்தில் பச்சைச் சாணி நாற்றம். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி குந்தியிருந்தாள். திரும்பவில்லை. கலயத்தை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க சாமி... இது எந்த உப்பு?"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அன்றிலிருந்து சாணி கலக்கிய அந்த விரல் நாறியது. சீயக்காய், சாம்பல், புளி... எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இடது கையால்தான் சோறு தின்றார் மனுஷன்.

செண்பகத்துக்குப் பையன் பிறந்தான். நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கத் தாத்தாவைத் தேடினார்கள்.

"அப்பா, வாங்கப்பா!" உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "உங்க விரலாலதான் சீனித்தண்ணி வைக்கணும். உங்க நாக்கு அப்படியே இவனுக்கு வரட்டும்."

"வேற யாராச்சும் வைங்கம்மா. என் கை வேணாம்." விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டார். பேரனைத் தொடக்கூட முடியவில்லையே என்று அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளை தப்பித்தது என்று ஒரு நிம்மதி.

வெயில் சாய்ந்த பிறகு உள்ளே போனார். அறை இருட்டாக இருந்தது. செண்பகம் அரை மயக்கத்தில் கிடந்தாள்.

"சேனை வச்சாச்சுப்பா."

"யாரும்மா வச்சா?"

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களாமே. உச்சி வேளைல வந்தாங்க... இடுப்புல கொழந்தையோட ஒரு அக்கா. கலயத்துலயே கொண்டாந்தாங்க. 'எம்புள்ளைக்கு உங்கப்பாரு குடுத்ததுதான், மிச்சம் இருக்கு'ன்னாங்க..."

குனிந்தார். குப்பென்று நாற்றம் அடித்தது. பிள்ளை அழவில்லை. பச்சை படிந்த நாக்கை நீட்டி நீட்டி, உதட்டில் பூத்திருந்த வெள்ளை உப்பை நக்கிச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.