ஆத்தங்கரை மெட்டு

இரியுங்க ஐயரே, கருப்பட்டிக் காப்பி ஆறுததுக்குள்ள குடியுங்க. மன்னிப்பு மட்டும் நான் கேக்க மாட்டேன். என்னைக் கெட்டின மாப்பிள்ளையைக் குழியில இறக்கும்போ நாடகப் பாட்டுப் பாடினேன், உள்ளதுதான். அதுக்கு ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு அழணும், இல்லேன்னா இந்த ஞானபாய்க்குத் திருவிருந்து கிடையாது. அதைச் சொல்லத்தானே வந்திய?

யாரு பிராது சொன்னது? டீக்கன் செல்வதாஸா? அப்படிப் போடுங்க! அது நாடகப் பாட்டுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

நீங்க இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆவுது. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சாம் வருசம் குழித்துறை ஆத்து மணல்ல ஒரு நாடகக் கம்பெனிக்காரன் தகரக் கொட்டகை போட்டான். நாப்பது நாள் ஆட்டம். போனா சபையை விட்டுத் தள்ளுவோம்னு அப்போ இருந்த ஐயரு பிரசங்கத்துலயே சொல்லிப்போட்டாரு. யாரு கேட்டா? செல்வதாஸ் தலையோட துண்டைப் போத்திக்கிட்டு முன்னால இருந்தாரு, அவருக்குப் பின்னால இவிய, எனக்க மாப்பிள்ளை. பொம்பளைய பக்கம் நான், முக்காடு போட்டுக்கிட்டு. ராஜாவுக்க மக காதலனைத் தேடிப் பாடுவா. வேசம் கெட்டினது ஆம்பிளைதான், ஆனா என்ன தொண்டை! ஆத்தங்கரை வந்து நின்னேன், அன்பரைக் காணேனே. பத்து வருசம் கழிஞ்சாச்சு, இன்னும் கெணத்தடியில எவ முணுமுணுத்தாலும் அதுதான்.

நீங்க ஜெபிக்க வந்தப்போ இவிய ஒரு வார்த்தை பேசல்ல, ஓர்மை இருக்கா? பக்கவாதம் வந்து ரெண்டு வருசம். எம் பேரு வரல்ல. இயேசுவேன்னுகூட வரல்ல, அதுக்கு நான் அழுதிருக்கேன். ஆனா பாட்டு வந்துது ஐயரே. தண்ணி வேணும்னா ஆத்தங்கரை. என்னைக் காணலேன்னா அன்பரைக் காணேனே. அடுப்படியில நின்னு நான் அடுத்த அடியைப் பாடினாத்தான் அடங்குவாவ. கடைசி நாளும் அதைத்தான் பாடினாவ, பாதியில நின்னு போச்சு. மீதியை நான் குழியோரம் பாடினேன். பாதிப் பாட்டோட அவியளை மண்ணுல போட எனக்கு மனசு வரல்ல. அது பாவம்னா இருந்துட்டுப் போட்டும்.

எழும்பிட்டியளா? ஒரு காரியம் கேட்டுட்டுப் போங்க. போன மாசத் திருவிருந்துல ஒரு கீர்த்தனை பாடினோமே, நீங்ககூட கண்ணு நிறைஞ்சு இன்னொரு தடவை பாடச் சொன்னிய. சிலுவையடி வந்து நின்றேன், தேவனைக் கண்டேனே. அது இவிய எழுதிக் கெட்டினதாக்கும், கொட்டகை பிரிச்ச அடுத்த மாசம். மெட்டை மனசுக்குள்ள ஒண்ணு பாடி, நான் குழியோரம் பாடினதோட சேத்துப் பாருங்க.

ஆமா, அதேதான். சபையில பாதிப் பேருக்குத் தெரியும். தெரியும்னு சொன்னா கொட்டகைக்குப் போனதும் தெரிஞ்சு போவுமே, அதான் பத்து வருசமா ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

ஞாயித்துக்கிழமை வாறேன் ஐயரே. சபை முன்னால நிக்கேன். நீங்க அந்தக் கீர்த்தனையையே பாடச் சொல்லுங்க. மெட்டைக் கொட்டகையில கேட்டவிய எல்லாரும் எனக்க பக்கத்துல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கட்டும். டீக்கன் முதல்ல வரட்டும்.