தூக்கம், பேச்சு, செலவு

“தூங்கினேன்க்கா. ஏழு மணி நேரம் தூங்கினேன். இன்னும் எத்தனை தடவை சொல்றது?”

“சரிம்மா, தூங்கின. அதுக்கு ஏன் கத்துற?”

“நான் கத்தலை.”

“நாலாவது மாடி வரைக்கும் கதவு திறந்துடுச்சு, பாரு.”

உண்மையிலேயே திறந்திருந்தது. அவள் மாடிப்படியில் நின்றிருந்தாள், கையில் புதுச் செருப்புப் பெட்டியோடு. அவளுடைய அண்ணன் இரண்டு படி மேலே, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். நான் என் வாசலில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அன்று சத்தம் போட்டது அவள் மட்டும்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டரம்மா. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குக் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. தேவைப்பட்டதும் இல்லை.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். நோட்டுக்காகத்தானே வந்திருக்கிறீர்கள். தருகிறேன். முதலில் அது எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. யார் வந்தாலும் போனாலும் தரைத்தளத்தில் என் கதவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தாண்டுகிறார்கள். என்னை வம்புக்காரி என்பார்கள். என்னிடம் உட்கார்ந்து மற்ற எல்லோருடைய கதையையும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வது.

அவள் இரண்டாம் மாடி. மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் கண்ணாடியை ஃபிரேமுக்குத் தகுந்தாற்போல் வெட்டித் தேய்த்துப் பொருத்துகிற வேலை. கலகலப்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். தெருமுனையில் சிரித்தால் இங்கே என் டம்ளர் அதிரும். என்னை அக்கா என்பாள். வயதுக்கு அத்தை என்றிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

மூன்று வருடம் முன்பு அவளுக்கு முதல் முறை வந்தது. ஒன்பது நாள் தூக்கமே இல்லை. மாடிப்படிச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள், வீட்டுக்காரரைக் கேட்காமல். வரும்போது பார்த்திருப்பீர்கள், இரண்டாம் மாடியோடு நிற்கிறது. தன் சாமானை எல்லாம் தூக்கிக் கொடுத்தாள். துவைக்கும் இயந்திரம் எனக்கு வந்தது. “எனக்கெதுக்குக்கா, நான் காத்துலயே துவைச்சுக்குவேன்” என்றாள். அது இன்னும் நன்றாக ஓடுகிறது. திருப்பிக் கொடுத்தால் மனது கஷ்டப்படுவாள் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு விழுந்தாள். நான்கு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இருமுனை நோய் என்றார் உங்களுக்கு முன்னால் இருந்த பெரிய டாக்டர். தலை வாரிவிட்டது நான். ஸ்பூனால் கஞ்சி ஊட்டியது நான். பக்கத்தில் உட்கார்ந்து கட்டடத்துக் கதை முழுவதும் சொல்வேன். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசமாட்டாள். அந்த நான்கு மாதம் எனக்கு நன்றாகவே போயிற்று.

மாத்திரை பிடித்துக்கொண்டது, எழுந்தாள், வேலைக்குப் போனாள். அப்போதுதான் பெரிய டாக்டர் எங்களை ஒன்றாக உட்கார வைத்தார். மனது ஏறத் தொடங்கும்போது, ஏறுகிறது என்பது நோயாளிக்கே தெரியாது, வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்றார். அண்ணன்காரன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஏறி இறங்குவதே தொழில். தங்கையின் ஏற்ற இறக்கம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் என்னைக் காட்டினாள். “எங்கக்கா கண்ணுக்குத் தப்பி இந்த வீட்டுல ஈ கூட நுழையாது டாக்டர்” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு தாள் எழுதினோம். கடைசி வரியை அவளே தன் கையால் எழுதினாள்: ‘நான் மறுத்தால் என்னை நம்பாதீர்கள். அக்கா எழுதியதை நம்புங்கள்.’ கீழே நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: தூக்கம், பேச்சு, செலவு. காலையில் அவள் வந்து எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று சொல்வாள். நான் அவள் கண்ணைப் பார்த்து, ராத்திரி அவள் ஜன்னலில் தெரிந்த வெளிச்சத்தையும் கணக்கில் வைத்து எழுத வேண்டும். ஐம்பத்தெட்டு வருடமாக நான் பார்த்ததைச் சொன்னால் வம்பு. அன்றிலிருந்து அது மருத்துவக் குறிப்பு. அந்த வித்தியாசம் உங்களைப் போல் படித்தவர்களுக்குப் புரியாது.

இரண்டு வருடம் ஒழுங்காக எழுதினேன். அதில் ஒரு பக்கத்தில்கூடக் குறை காண முடியாது.

பிறகு பெட்டிக்காரர் வந்தார். கண்ணாடி ஃபிரேம் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக் கடை கடையாகக் காட்டுகிறவர். நல்ல மனிதர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். அவளுடைய நோயைப் பற்றி அவளே சொல்லியிருந்தாள். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கினாள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருகிறவள், காலையில் வாசலில் நின்று தூங்கிய மணிக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டு “வரேன்க்கா” என்று ஓடுவாள்.

ஒருநாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் பதிவுத் திருமணம், ஊரின் மறுகோடியில் வீடு பார்த்தாயிற்று என்றாள்.

“அப்போ நோட்டு யாரு எழுதுவா?” என்றேன்.

“அவரே எழுதுவாருக்கா. கையெழுத்தாவது புரியும்.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் வந்து ஏழு என்றாள். நான் மூன்று என்று எழுதினேன்.

அடுத்த நாள் இரண்டரை. பேச்சு: வேகம், நிறுத்தினாலும் நிற்பதில்லை. செலவு: ஒரே வாரத்தில் உடை மூன்று, திரைச்சீலை, நீலச் செருப்பு. கல்யாணத்துக்கு வாங்கினாள் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. பதினோராம் நாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் முதலில் சொன்ன மாடிப்படிச் சண்டை அப்போது நடந்ததுதான்.

அண்ணன் அந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தான். “நீயே எழுதினதுதானேம்மா” என்று கடைசி வரியைக் காட்டினான். அவள் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதானே என் வேலை. கோபம் மெதுவாக வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“நிஜமாவே நான் தூங்கலையாக்கா?” என்றாள்.

“தூங்கின மாதிரி கனவு கண்டிருப்ப” என்றேன்.

மேல்மாடியில் யாரோ சிரித்தார்கள். அவள் செருப்புப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் மறுக்கவில்லை. காலையில் வந்து, தான் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று என்னைக் கேட்பாள். நான் சொல்வேன்.

பெரிய டாக்டர் நோட்டைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார். அவர் மேல் தப்பில்லை. அவள் கை நடுங்க ஆரம்பித்தது. கடையில் ஒரு கிழவருக்கு இடக்கண் கண்ணாடியை வலப்பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள்.

பெட்டிக்காரர் என்னைத் தேடி வந்தார். அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நோட்டை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். நின்றபடியே எட்டுப் பக்கம் படித்தார்.

“எப்பவும் இப்படித்தானாக்கா?”

“நல்ல நாளும் உண்டு தம்பி” என்றேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாடிக்கு ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவள் நிஜமாகவே விழுந்தாள். ஐந்து வாரம். மறுபடி சுவர்ப்பக்கம் முகம். சாவி என்னிடம் இருந்தது. தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். இருந்ததை இருந்தபடி நோட்டில் எழுதினேன். தூக்கம்: நன்று. பேச்சு: அமைதி. செலவு: இல்லை. பெரிய டாக்டர் ஓரத்தில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதியிருக்கிறார், பாருங்கள். மாத்திரையை வேளை தவறாமல் வாயில் போட்டேன். சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா என்று கேட்க அந்த நோட்டில் கட்டம் இல்லை. கஞ்சி காய்ச்ச இந்தத் தடவை எனக்கும் முடியவில்லை. போன தடவை ஊட்டியதற்கு என்ன கிடைத்தது? எழுந்து ஓடினாள்.

தண்ணீர் இல்லாத உடம்பில் அந்த மாத்திரை விஷமாக ஏறும் என்று எல்லாம் முடிந்த பிறகு சொன்னீர்கள். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த சீட்டில் அது அச்சடித்திருந்தது என்றும் சொன்னீர்கள். நான் அதைப் படித்திருந்தேன். நான் எதையும் படிக்காமல் விடுகிறவள் இல்லை. அண்ணன்காரன் வந்து முதுகில் தூக்கிக்கொண்டு அந்த மஞ்சள் சுவரோரமாக இறங்கினபோது நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயிர் தங்கிவிட்டது. சிறுநீரகம் பாதி. கை நடுக்கம் இனி நிற்காது என்கிறீர்கள். கண்ணாடி வெட்ட முடியாது.

உங்கள் வார்டில் முதல் நாளிலிருந்து எட்டு மணி நேரம் தூங்குகிறாள், இங்கே மட்டும் எப்படி மூன்று என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய டாக்டர் கேட்கவில்லை. அவள் சொன்ன ஏழுதான் நிஜம். ஆனால் மூன்று என்பதை நான் கற்பனை செய்யவில்லை டாக்டரம்மா, கற்பனைக்கு நான் போகமாட்டேன். இந்தக் கட்டடத்தில் ஒருத்தி மூன்று மணி நேரம்தான் தூங்கினாள். படுத்தபடி மேலே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தது நான். சில நாள் இரண்டு. அதைத்தான் எழுதினேன். என்னை அப்படிப் பார்க்காதீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மாத்திரை எதுவும் வேண்டாம்.

பெட்டிக்காரர் போன மாதம் இவள் வேலை பார்த்த கடையில் கல்லாவில் உட்காரும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நீலச் செருப்பு அந்தப் பெண்ணுக்குச் சரியாக இருந்ததாம். நான்தான் கொடுத்தனுப்பினேன், வீணாக எதற்கு. அண்ணன்காரன் கடல் தாண்டி வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். இரண்டாம் மாடியில் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள்; அந்தப் பெண் அதிகம் சிரிக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவள் நீங்கள் சேர்த்துவிட்ட காப்பகத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள். “அக்கா, தோட்டத்துல உக்காந்திருந்தேன், கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. பரவாயில்லையா?” என்று கேட்கிறாள். “பார்த்துக்கோம்மா” என்பேன். உடனே குரல் இறங்கிவிடும்.

நடந்ததை அவளிடம் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, இதை நம்பலாமா அக்கா என்று கேட்பாள்.