ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை

காருக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் சார். பத்தாயிரம் ஓடட்டுமே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஜீப்பை ஸ்டார்ட் செய்த சத்தத்தைக் கேட்டால், இந்த ஸ்டேஷனிலும் அப்படி யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் வள்ளிநாயகம். ஊர் பூதப்பாண்டி. நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மச்சினன் ஸ்ரீனிவாசன் கொடுத்திருக்கிற புகாரில், அவன் அக்காவை நான்தான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறான். சட்டென்று உணர்ச்சிவசப்படுகிற ஆள். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. நான் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மீனாட்சியம்மாள் அடுக்களையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“கேட்டியளா, நெஞ்சுக்குள்ள யாரோ ஏறி இருக்கது போல இருக்கு. இடது கையும் இழுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

உடனே கிளம்பினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டைகூட மாற்றவில்லை.

சாவியைத் திருப்பியதும் மீட்டரைப் பார்ப்பது என் பழக்கம். அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தெரியுமல்லவா. அதற்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி. எங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர். அப்படியென்றால் ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக ஓட வேண்டிவரும்.

ஐந்துதானே என்பீர்கள். ஸ்ரீனிவாசனும் அதையே சொன்னான். அரை அடிதானே என்று சொன்னவர்களின் வேலிகளைத்தான் முப்பத்தொரு வருஷமாக நான் பிடுங்கி நட்டிருக்கிறேன்.

ஜெபிஷின் ஒர்க்‌ஷாப் இறச்சகுளத்தில், போகிற வழியில்தான் இருக்கிறது. இதற்காக நான் எங்கும் சுற்றிப் போகவில்லை. வண்டியை உள்ளே விட்டதும் மீனாட்சி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“இது ஆஸ்பத்திரி இல்லையே.”

“அர மணிக்கூரு. செத்த இரி” என்றேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது. சுவரிலேயே போர்டு வைத்திருக்கிறான். ஆகவே அவளை இறங்கச் சொன்னது நான் என்று சொல்ல முடியாது, அந்த போர்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். முகத்தில் வெயில் விழுந்தது. நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டதும் நான்தான்.

ஜெபிஷ் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “அண்ணாச்சி, மேனுவல்லயே பத்தாயிரம்னுதான் போட்டிருக்கு. இன்னும் அஞ்சாயிரம் தாராளமா ஓடும். மொதல்ல அக்காவ கொண்டு போங்க.”

“மேனுவல் எழுதினவன் நம்ம ஊரு ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கானா? பேசப் பேச நேரம்தான் போவும். ஆயில் பிளக்கைத் திற.”

என்னோடு வாதாடினால் இன்னும் தாமதமாகும் என்று அவனுக்கு அனுபவம் உண்டு. திறந்தான்.

பழைய ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்கினால்தான் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். ஆனால் அவசரப்படக்கூடாது. ஐந்தாறு நிமிஷத்தில் ஜெபிஷ் பிளக்கை மூடப் போனான். சொட்டு நிற்கவில்லை. அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு டாக்டர், இந்த அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இ.சி.ஜி. எடுங்கள் என்று சொன்னது உண்மைதான். ஸ்ரீனிவாசன் அதையும் எழுதியிருப்பான். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போது எதற்கு? டாக்டர்கள் எதையும் அடிக்கடி பார்க்கத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தானே அவர்கள் பிழைப்பு ஓடும்.

அங்கே ஷெர்லி என்று ஒரு டீச்சர் இருந்தாள். கடற்கரையில் இனயம் அவள் ஊர், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று வந்திருந்தாள். அவள்தான் மீனாட்சியின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“சாரே, அக்காவுக்கு கையெல்லாம் ஐஸு போல இருக்கு. இது ஹார்ட்டுதான். எனக்க வண்டியில கேறச் சொல்லுங்க, நான் கொண்டு விடுதேன்.”

நல்ல மனசு. மறுக்க முடியுமா? ஆனாலும் மனைவியை ஏற்றுகிற வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டாமா? பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்தால், மாற்ற வேண்டிய கணக்கைத் தாண்டி மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

“இந்த வண்டி வழியில நின்னா யாரு பொறுப்பு, டீச்சர்?” என்று கேட்டேன். “எனக்க வண்டி இன்னும் பத்து நிமிஷத்துல ரெடியாயிரும்.”

அவள் ஏதேதோ சொன்னாள். இங்கே சொல்ல முடியாத வார்த்தையும் ஒன்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாளோ.

மீனாட்சி கையைக் காட்டி அவளை அமர்த்தினாள். “விடு மக்கா. அவிய முடிச்சுக்கிட்டு வரட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை சார். அவளுக்கும் சம்மதம் என்றுதான் அதற்கு அர்த்தம். முப்பத்துநாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்குத் தெரியாதா?

பிறகுதான் நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

ஜெபிஷும் ஷெர்லியும் என்னைக் கேட்கவில்லை. மீனாட்சியைத் தூக்கி டீச்சர் வண்டியின் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஜெபிஷ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் முன்சீட்டில் ஏறினேன். என் வண்டி லிஃப்டில் ஆயில் இல்லாமல் நின்றது. அந்த நிலையிலும் அதை விட்டுவிட்டு நான் ஏறினேன் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஷெர்லி எண்பதில் ஓட்டினாள். அந்த ஆயிலை வைத்துக்கொண்டு எண்பது. நான் டாஷ்போர்டில் காதை வைக்காத குறையாக இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து மீனாட்சி இரண்டு முறை என்னமோ முனகினாள்.

“அண்ணாச்சி, ஒங்களத்தான் கூப்பிடுதாவ. கொஞ்சம் திரும்பிப் பாருங்க” என்றான் ஜெபிஷ்.

நான் கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். எனக்குச் சத்தம் கேட்க வேண்டியிருந்தது.

வடசேரி தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று பத்து. உள்ளே கொண்டுபோய்ச் சிறிது நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அதே அரை மணி நேரம்தான். ஸ்ரீனிவாசன் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஆட்டம் ஆடுகிறான்.

அவளுடைய நிலைமை தெரிந்தேதான் வண்டியை நிறுத்தினாயா என்று கேட்டீர்கள். தெரியும் சார். வாசலில் வந்து நின்றாளே, அப்போதே தெரியும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் வேர்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவளுக்காகச் சாமியையாவது கும்பிட்டாயா என்றும் கேட்டீர்கள். வாக்குமூலத்தில் பொய் சொல்லக்கூடாது. புத்தேரிக் குளத்து வளைவில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அந்த ஷெர்லியின் இன்ஜின் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்றுதான் வேண்டினேன். நின்றிருந்தால், நான் சொன்னது சரிதான் என்று மீனாட்சியும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.