நோவாமல் தட்டு

பூட்ஸைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்ததற்கு நன்றி, மேடம். இந்தக் கூடத்தில் புழுதி எழுந்தால் நேராகப் போய்ச் சுவர் ஓவியத்தில்தான் ஒட்டும். அதனால் வேலை தொடங்கிய அன்றே நான் போட்ட சட்டம் இது. யாராக இருந்தாலும் செருப்பு வாசலோடு சரி.

நான் திருக்கோவிலூர்க்காரன். பழைய கட்டடங்களின் உள்வேலை என்றால் தெய்வசிகாமணியை நம்பி விடலாம் என்பார்கள். கல்வராயன் மலையில் இந்த ஜமீன் மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆனதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் இங்கே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. வெள்ளைப் பூச்சைச் சுரண்டச் சுரண்ட இந்த ஓவியம் வெளியே வந்தது. சாமை அறுக்கிற பெண்கள். நடுவில் அந்தப் பச்சைச் சேலையைப் பாருங்கள். அதைப் பார்த்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணாயிரம் கருணாபுரத்து ஆள். நல்ல வேலைக்காரன். பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினான். நோவாமல் தட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி என்று சொல்லிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டான்.

மழை பிடித்த அன்று மற்றவர்கள் சீக்கிரமே மலை இறங்கிவிட்டார்கள். இந்தச் சுவருக்குப் பின்னால் ஒடுக்கமான சாமான் அறை ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு மூட்டைகளை நனையாத பக்கம் நகர்த்தி வைக்க அவனை அங்கே அனுப்பினேன். அவன் உள்ளே இருக்கும்போதே அந்த அறையின் கூரை இடிந்து விழுந்து அதன் வாசலை அடைத்துவிட்டது.

“சார், பின்னாடி மாட்டிக்கினேன் சார்” என்றான். அடிபட்ட குரலாக இல்லை. இந்தப் பக்கம் சுவரை உடைத்தால் ஆளை எடுத்துவிடலாம். கடப்பாரையை எடுத்தேன். பச்சைச் சேலைக்கு நேராகத்தான் போட வேண்டியிருந்தது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அவன் தட்ட ஆரம்பித்தான். பயப்படக் கூடாதே என்று நானும் திருப்பித் தட்டினேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. மழை விடும்வரை யாரும் வர வேண்டாம் என்று மற்றவர்களுக்குப் போன் செய்தேன். மழை சீக்கிரம் விட்டுவிட்டது. தட்டல் நின்ற பிறகுதான் வரச் சொன்னேன்.

கண்ணாயிரம் எங்கே என்று கேட்டார்கள். அன்றைக்கே இறங்கிவிட்டான், எங்கேயாவது குடித்துவிட்டுக் கிடப்பான் என்றேன். அங்கே நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கருணாபுரத்து ஆளைப் பற்றி அப்படிச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அது நியாயமில்லைதான். வாடை வந்தபோது வௌவால் என்றேன். இடிந்ததை அள்ளவும் அனுமதி வர வேண்டும் என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

அவன் மனைவி செவ்வந்தி மலையேறி வருவாள் என்று நினைக்கவில்லை. அவனுடைய தூக்குவாளியை மறைத்திருந்தேன், மாற்றுச் சட்டையையும் மறைத்திருந்தேன். தினமும் வாசலில் கிடக்கிற செருப்பு என் கண்ணிலேயே படவில்லை. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அவரு குடிக்கறதில்லீங்க. அவுங்க அண்ணன் அதுல செத்ததுலேர்ந்து அந்த நாத்தமே ஆவாது. செருப்ப இங்க வுட்டுட்டு வெறுங்காலோடயா மலை எறங்குனாரு?”

நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. தடுமாறிச் சுவரில் கையை ஊன்றப் போனாள். கை வைக்காதேம்மா என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். செருப்போடு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம் மேடம், அவன் உள்ளேதான் இருக்கிறான். உயிரோடு இருந்தபோதே எனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். பின்பக்கமாக அள்ளச் சொல்லுங்கள், இனி அவசரம் ஒன்றும் இல்லை. கண்ணாயிரமும் இதைத்தான் சொல்லியிருப்பான். இந்தச் சுவர்மேல் என்னைப் போலவே அவனுக்கும் உயிர். கடைசிவரைக்கும் அவன் சுவரை உதைக்கவே இல்லை மேடம். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, நோவாமல்தான் தட்டிக்கொண்டிருந்தான்.