குழலியக்கா வீட்டுப் பாவு

விடிகாலை நாலரை மணி. பெரிய காஞ்சிபுரத்தில், வேகவதி ஆற்றில் போய் முட்டி நிற்கும் ஒரு தெரு. ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது...

கிட்ட வந்து உட்காருங்கள். மொபைல் வெளிச்சத்தை அணையுங்கள். நம்ம பரசுராமனின் சித்தப்பா வீரபாகுவுக்கு நடந்தது இது.

“ஆமா, பரசு எங்கப்பா? பேய்க் கதைன்னா மொத ஆளா வந்து குந்துவானே!”

சொல்கிறேன் கமல். இரு.

வீரபாகுவுக்குப் பட்டு நெசவு. மனைவி அம்சவேணி. ஒரே மகள் காயத்ரி, எட்டு வயது. ஆற்றை ஒட்டிய வீடுகளைப் போன வருஷம் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டார்கள். இருந்தவர்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். இப்போது வீரபாகு வீடுதான் தெருவில் கடைசி.

அதன்பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள். ஆற்றோரம் படுக்கும் நாய்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பால்காரர் தெரு நடுவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரைத் தாண்டுவதில்லை, அங்கிருந்தே ஹாரன். ஒருநாள் பார்த்தால்... வீடே இல்லாத வெறும் மண்ணில், வாசல் இருந்த இடத்தை மட்டும் யாரோ பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இன்னும் ஈரம் காயவில்லை.

“எதுனா வேண்டுதலா இருக்கும். காலங்காத்தால பயமுறுத்தாதீங்க,” என்றாள் அம்சவேணி.

மார்கழியில் பாவு நீட்டினார்கள். தெரியும்தானே? நெய்வதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்ததை ஒட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கூலி கிடையாது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. ‘எங்க பாவுக்கு வா’ என்று கூப்பிட்டால் மாட்டேன் என்கிற பேச்சே இல்லை.

அன்று ஆள் குறைவு. பனி வேறு. வீரபாகு குனிந்த தலை நிமிராமல் இழை ஒட்டிக்கொண்டே ஆற்று முனைக்குப் போய்விட்டார். அங்கே... எதிரே இரண்டு கைகள். சரசரவென்று இழை முறுக்கும் விரல்கள். புளித்த கஞ்சி வாடை. அதற்கு அடியில், சேற்று வாடை.

“எங்க பாவுக்கு பாப்பாவ அனுப்புப்பா. சின்ன வெரலு, நல்லா ஒட்டும்.”

“அனுப்பறேன்க்கா.”

நிமிராமலே சொல்லிவிட்டார். பழக்கதோஷம்.

பின்னாலேயே அம்சவேணி கஞ்சிச் சட்டியோடு வந்தாள். “யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?”

“குழலியக்காகிட்டதான். பாப்பாவ அவங்க பாவுக்கு...”

சட்டி விழுந்து உடைந்தது.

இடித்ததில் கடைசி வீட்டு ஏலவார்குழலி. யார் பாவு நீட்டினாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். வீடு இடிபட்ட அதே மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். பாடையில் ஒரு முனையை வீரபாகுதான் பிடித்திருந்தார்.

“பேய்க்குப் பட்டுப்புடவ வேணும்னா கடையில வாங்கிக்காதா?”

சிரிக்காதே கமல்.

“முடியாதுன்னு சொல்லுங்க! இப்பவே சொல்லுங்க!” என்று அம்சவேணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஆற்றைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். பனிதான் இருந்தது.

அன்று ராத்திரி உள்தாழ்ப்பாள். பூட்டு. குழந்தை இருவருக்கும் நடுவில். விடிந்தபோது காயத்ரி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பூட்டு பூட்டியபடி.

அவள் விரல்களில் கஞ்சி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகக்கண்ணில் ஆற்றுச் சேறு.

அந்த வாரமே ஏனாத்தூரில் வாடகை வீடு பிடித்துப் போய்விட்டார்கள். தறி இல்லை. பக்கத்தில் ஆறும் இல்லை. ஆனாலும் தினம் விடிகாலையில்... தூக்கத்திலேயே குழந்தையின் கைகள் மேலே எழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் முறுக்கும். விடும். முறுக்கும். உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

போன வாரம் கைகள் நின்றுவிட்டன. அம்சவேணி ஏகாம்பரநாதரைக் கும்பிட்டாள். அப்போது குழந்தை கண் திறக்காமலே சொன்னது:

“ஒட்டி முடிச்சாச்சும்மா. அந்தப் பக்கம் சுருட்றாங்க.”

வீரபாகு குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பாவை ஒரு முனையில் சுருட்டினால், மறு முனை இழுபட்டு வந்துதானே ஆக வேண்டும்?

மறுநாள் விடிந்தபோது, குழந்தையோடு அவள் பாய் ஒரு சாண் வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். அடுத்த நாள் இன்னும் முன்னால். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். அப்படியும்... இன்று காலை பாய் வாசற்படியைத் தொட்டுவிட்டது.

பரசுராமன் எங்கே என்று கேட்டாயே கமல்?

சாயங்காலம் சித்தப்பா அவனுக்குப் போன் பண்ணினார். பாயைப் பிடிக்க ஆள் பற்றவில்லையாம்.