ஆம்புலன்ஸ் டிரைவரின் கையை உடைத்தது பற்றி

என்னைச் சம்மட்டி என்றால்தான் ஊரில் தெரியும். வயது நாற்பத்தொன்று. கல்குவாரியில் கல் உடைக்கிறேன். குவாரிக்குப் பின்னால் இருக்கும் தகர வீட்டில் மனைவியோடு குடியிருந்து வந்தேன். ஆம்புலன்ஸ் டிரைவரை அடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அடித்தேன்.

சம்பவத்தன்று காலை விறகு பொறுக்கப் போன என் மனைவியைக் கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். டாக்டரம்மா இல்லை. அவரைப் பௌர்ணமி என்றுதான் ஊரில் சொல்வோம், எப்போதாவதுதான் தெரிவார். நர்ஸம்மா, விஷமுறிவு மருந்து தீர்ந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி டாக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அதற்குள் என் மனைவியின் ஈறில் ரத்தம் கசிந்தது.

அதன் பிறகு ஷெட்டில் ஆம்புலன்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போய்க் காலில் விழுந்தேன். அவரை ஸ்டெப்னி என்று கூப்பிடுவார்கள். "டாக்டர் கையெழுத்து இல்லாம எடுத்தா என் வேலை போயிடும்ணே," என்றார். "இங்க உசுரே போகுதுய்யா," என்றேன். அவர் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. குவாரியில் ஒருவன் உளியை விடாமல் முரண்டு பிடித்தால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவோம், விரல் தானாக விரியும். அந்தப் பழக்கத்தில் கீழே கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். ஆனால் தட்டவில்லை, பாறையை அடிப்பது போல அடித்தேன். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. ஆத்திரம் அடங்காமல் முகத்திலும் அடித்தேன், பல் தெறித்தது. தடுக்க வந்த நர்ஸம்மாவையும் கீழே தள்ளினேன். எனக்கு மாட்டுவண்டிகூட ஓட்டத் தெரியாது. சாவி கைக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

அதன் பிறகு அந்த டிரைவரே ரத்தம் ஒழுக ஏறி உட்கார்ந்தார். "இனி நீ அடிச்சு எடுக்க வெச்சதுன்னு சொல்லிக்கலாம். பக்கத்துல ஏறுண்ணே, நான் சொல்றப்போ கியரைப் போடு," என்றார். நர்ஸம்மா பின்னால் என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் இடது கையால் ஓட்டினார். மேட்டில் நான் கியரைத் தப்பாகப் போட்டேன். வண்டி அணைந்து, பின்னால் உருண்டு, பள்ளத்தில் இறங்கிவிட்டது. அங்கேயே நர்ஸம்மா மடியில் என் மனைவி இறந்துபோனாள்.

அவருக்கு ரெண்டு கையும் இருந்திருந்தால் மேட்டைத் தாண்டியிருப்பார். நான் அடிக்காமல் இருந்திருந்தால் வண்டியையே எடுத்திருக்க மாட்டார். இதில் எது அவளைக் கொன்றது என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை.

டிரைவர் கொடுத்த புகார் அத்தனையும் நிஜம். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)